மஞ்சள் பூவைப் பிடுங்க வந்தவர்களுக்கு

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லோருக்கும்,

வளவெல்லாம் படர்ந்த மஞ்சள் பூச் செடியைப் பிடுங்க, தைப்பொங்கல் முடிந்த சனிக்கிழமை தொடங்கிய வேலை போன கிழமைதான் ஓய்ந்தது. கிணற்றடியில் இருந்து பின்வேலி வரை இப்போது வெறும் மணல் தெரிகிறது. அந்த மணலைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

முதல் நன்றி பக்கத்து வளவு மாமிக்கு. செடி அவருடைய வளவில் இருந்துதான் வந்தது. ஆனால் அவர் அதைப் பொற்றலைக் கையாந்தகரை மூலிகை என்று சொல்லி விற்றவரை நம்பித்தான் நட்டார். நானும் நம்பி அதன் இலையைப் போட்டு எண்ணெய் காய்ச்சித் தலைக்கு வைத்தேன். முடி வளரவில்லை, செடிதான் வளர்ந்தது.

அது வெடேலியா என்று இனங்காட்டியவர் எங்கள் விவசாயப் போதனாசிரியர். கையாந்தகரைக்கு இலை ஒடுங்கி நீண்டிருக்கும்; இதற்கு மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பூவும் பெரிது. அமெரிக்க வெப்ப நாடுகளில் இருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தச் செடி, உலகில் மோசமாகப் பரவும் 100 உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறதாம். கொடியின் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டு கிடந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலிக்கு மேலால் வந்ததை நான் கத்தியால் வெட்டி வெட்டி ஒழுங்கைக் கானுக்குள் எறிந்தேன். மாரித் தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு போய்க் கீழே இருக்கிற மூன்று வளவுகளில் சேர்த்துவிட்டது. மாமியைக் குறை சொல்லித் திரிந்த நான்தான் அங்கெல்லாம் பரப்பியிருக்கிறேன். அந்த மூன்று வீட்டாரும் என்னை ஒரு சொல் ஏசாமல் மண்வெட்டியோடு வந்தார்கள். எனக்கு அதுதான் சுட்டது.

மாமி சுவிசில் மகளோடு இருக்கிறார். வளவுக்குள் இறங்கலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு கிழமை கடத்தினேன். கடைசியில் கேட்டபோது, "இதச் சொல்ல இவ்வளவு நாளா புள்ள? சாவி சின்னம்மாட்ட இருக்கு, ஒரு துண்டு விடாமப் புடுங்குங்க" என்றார். அந்தச் சாவி இல்லாவிட்டால் நாங்கள் எங்கள் பக்கத்தை எத்தனை தரம் துப்புரவாக்கியும் பலனில்லை.

மருந்தடித்தால் ஒரே நாளில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். மணல் தரை, மாரியில் கைக்கெட்டும் தூரத்தில் கிணற்றுத் தண்ணீர், அதைத்தான் குடிக்கிறோம் என்று போதனாசிரியர் மறித்தார். சரி, கைதான். ஈரம் காயமுதல் பிடுங்கினால் வேர் முழுதாக வரும் என்று அவர் சொன்னது உண்மை. பிடுங்கியதை நிலத்தில் போடாமல் காத்தான்குடி நானா தந்த படங்கில் பரப்பி, நொறுங்கும் வரை வெயிலில் காயவைத்தோம். மிச்ச வேர் துளிர்க்காமல் இருக்க வேலியோரம் கறுப்புப் பொலித்தீன் மூடிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதைக் கிளப்பிப் பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற மாஸ்டருக்கும் நன்றி. குனிய முடியாது என்று கதிரை போட்டு இருந்து உரப்பைகளை எண்ணினார். இடையில், ஆற்றுவாழையும் பூவின் அழகுக்காகத்தான் இலங்கைக்கு வந்தது, அதை அடக்க 1909 இலேயே சட்டம் போட்டார்கள் என்று ஒரு பாடமும் நடத்தினார். குனிந்து நின்ற எங்களில் எத்தனை பேர் கேட்டார்களோ தெரியாது. தேத்தண்ணியும் வடையும் தந்த சின்னம்மாவை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இன்னும் சில மாதங்களுக்குத் துளிர் வரும். இரண்டு இலையோடு எங்கே கண்டாலும் வேரோடு பிடுங்கி என்னிடம் தாருங்கள், கானுக்குள் போட வேண்டாம்.

அப்புறம், ஒரு மண்வெட்டியும் ஒரு இடதுகால் செருப்பும் எங்கள் குந்தில் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து எடுக்கவும்.