அப்போலோவின் மவுசு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிரேக்கச் சிற்பக் கட்டுரையில், வத்திக்கானில் உள்ள ‘பெல்வெடெரே அப்போலோ’ என்ற கிரேக்கக் கடவுளின் சிலையை ‘காலத்தை வென்ற அழகு’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்தச் சிலை காலத்திடம் நன்றாகவே அடிவாங்கியிருக்கிறது.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணிலிருந்து கிடைத்த சிலை அது. போப் இரண்டாம் ஜூலியஸ் அதை வத்திக்கானுக்குக் கொண்டுபோனார். 1764இல் ஜெர்மானிய அறிஞர் வின்கெல்மான் தன் கலை வரலாற்று நூலில் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். அப்புறம் கேட்க வேண்டுமா? ஐரோப்பாவில் படித்தவர் என்றால் அதைப் புகழ்ந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. போப்போடு செய்த 1797 ஒப்பந்தத்தைக் காட்டி நெப்போலியன் அதைப் பாரிசுக்கே எடுத்துச் சென்றார். அவர் வீழ்ந்த பிறகுதான் அது ரோமுக்குத் திரும்பியது.

அதற்குள் ரசனை மாறத் தொடங்கியிருந்தது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலிலிருந்து பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்து வந்த சிற்பங்களை 1816இல் பிரிட்டன் 35,000 பவுண்டுக்கு வாங்கியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அசல் கிரேக்க வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு அப்போலோவின் வழவழப்பு மெல்ல மெல்லச் சலித்துப்போனது. (அந்த அசலையே ரோமர் காலத்துச் சரக்கு என்று ஒதுக்கினார் கலைப்பொருள் சேகரிப்பாளர் ரிச்சர்ட் பெய்ன் நைட். அன்றைய லண்டனில் அவர் வாக்குக்குப் பெரிய மதிப்பு!) சிலையில் ஒரு மாற்றமும் இல்லை; பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொன்று வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெண்மை மோகமும் இப்படித்தான். கிரேக்கர்கள் தங்கள் பளிங்குச் சிலைகளுக்கு வண்ணம் பூசினார்கள். நாளடைவில் அது உதிர்ந்துபோக, பின்னால் வந்தவர்கள் வெறும் கல்லையே கிரேக்க அழகு என்று நம்பினார்கள். 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தெனான் சிற்பங்கள் சிலவற்றை வெள்ளையாக்குகிறோம் என்று செம்புக் கருவிகளால் சுரண்டியே விட்டார்கள். எனக்கு இதுதான் தாங்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் தப்பிய மேற்பரப்பு, பார்வையாளர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று போய்விட்டது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

கடைசியாக, அப்போலோவின் படக்குறிப்பில் ‘கிரேக்கச் சிலை’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமர்கள் பளிங்கில் செய்தது. அதற்கு மூலம் என்று கருதப்படும் கிரேக்க வெண்கலச் சிலை கிடைக்கவில்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் வண்ணம் பூசிய மறுஆக்கச் சிலை ஒன்றின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி