ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் மகளுக்கு

கோவை
17.8.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்தது. அவ்வளவு வேண்டாம் என்று போன தடவையே சொன்னேன். உங்கம்மா அதில் பாதியைச் சீட்டுக்குக் கட்டிவிட்டாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீரியலைக் காதால் பார்க்கிறாள். பின்னால் இருக்கும் தென்னையை வெட்டிவிடலாம் என்கிறார் பெரியப்பா. அவர் எதைத்தான் வெட்டச் சொல்லவில்லை, உனக்குத் தெரியாததா.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ஷிஃப்டில் வெறும் டீயில் ஓட்டாதே. நான் ஓட்டினேன், வயிறு போயிற்று.

மே மாதத்துக்கு அப்புறம் நீ ஃபோனில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். வேலை ஜாஸ்தி என்கிறாய், இருக்கட்டும். நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கடிதம் என்றால் நடுவில் "சரிப்பா" போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் சேனலை ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் பார்ப்போம். அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. கீழே ஓடும் டிக்கரைக் காட்டி, "இது நம்ம புள்ள போட்டதாங்க?" என்பாள். ஆமாம் என்பேன். சிலிண்டர் போட வந்த பையனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், டெல்லிப் பக்கத்திலிருந்து எங்கள் மகள் எழுதுவதைத்தான் நாடே படிக்கிறது என்று. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஏப்ரல் 22 காஷ்மீர் பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். புல்வெளியில் கணவன் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே ஒரு பெண், அந்தப் படத்தை எத்தனை தடவை காட்டினீர்கள் அம்மிணி? நான் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். "போதும், அந்தப் புள்ள மூஞ்சியை மூடச் சொல்லுங்க" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். சுட்டவர்கள் கொன்றது 26 பேரை. ஆனால் அவர்கள் குறி வைத்தது கோவையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் உங்கம்மாவையும் சேர்த்துத்தான். அவளிடம் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது யார்?

சண்டைக்கு எழுதவில்லை. செய்தி போடாமல் இருக்க முடியாது, எனக்கும் தெரியும். நாம் போடாவிட்டால் வதந்தி போடும். அளவு என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதல் ஞாபகம் இருக்கிறதா? நீ எட்டாவது. பரீட்சைக்குப் படிக்காமல் என்னோடு டிவி முன்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய். நரிமன் ஹவுஸ் மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கியபோது நீ கை தட்டினாய். நானும் தட்டினேன். அன்றைக்குத்தான் நியூஸ் ரிப்போர்ட்டர் ஆவேன் என்று சொன்னாய். உள்ளே இருந்தவர்களை ஃபோனில் நடத்திக்கொண்டிருந்த ஆட்களும் கராச்சியில் அதே மாதிரி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கு அப்புறம்தான் தெரிந்தது. தாஜ் ஓட்டலில் தீ வையுங்கள், தீ தெரிந்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும் என்கிற மாதிரி அவர்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. டிவியை எப்படிப் பயன்படுத்துவது என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 166 பேர் செத்த காரியம். 2012-ல், சுட்டவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கண்டித்தது. நேரடி ஒளிபரப்பால் வீரர்களின் உயிருக்கே ஆபத்து, சேனல்கள் பார்த்தது வியாபார லாபத்தை என்று எழுதினார்கள். 2015-ல் கேபிள் டிவி விதியையே திருத்தினார்கள்: இப்படிப்பட்ட நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அதிகாரி சொல்வதை மட்டும் போடலாம். காலேஜில் நீ இதை வைத்துத்தான் கட்டுரை எழுதினாய். பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்தவர்களும், வெளியே போலீஸ் ஏறி வருவதை டிவியில் பார்த்தார்கள் என்று அதில் ஒரு பாரா இருந்தது. நல்ல பாரா.

2019-ல் நியூசிலாந்து மசூதிகளில் ஒருவன் 51 பேரைச் சுட்டானே. சுடும்போதே ஃபேஸ்புக்கில் நேரலை விட்டான். அந்த ஊர்ப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரை நான் சொல்லவே மாட்டேன் என்றார். அந்தச் செய்தியை வெட்டி உன் டைரிக்குள் வைத்தேன். பார்த்தாயா இல்லையா, நீ சொல்லவே இல்லை.

சரி. மே மாதத்துக்கு வருகிறேன்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த ராத்திரிகளில் நானும் தூங்கவில்லை. கராச்சித் துறைமுகமே போய்விட்டது என்று சேனல் சேனலாக ஓடியது. விடிந்து பார்த்தால் துறைமுகம் அங்கேயே இருந்தது. அதையாவது ஜனங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். பூஞ்ச்சில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குண்டு விழுந்து ஒரு மதரசா ஆசிரியர் இறந்துபோனார். அவரைச் சில சேனல்கள் பயங்கரவாதி என்று போட்டன. மறுநாளே போலீஸ் மறுத்தது. ஜூனில் அந்த ஊர் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. வீட்டில் எழவு விழுந்திருக்கும்போது டிவியில் அந்த மனுஷனுக்கு இந்தப் பட்டம்.

அந்த நேரத்தில் உங்கள் டெஸ்க்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள், கீழே ஓடிய வரியை யார் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேலே இருப்பவன் "போடு போடு, அவன் போட்டுட்டான்" என்று கத்தினால் இருபது செகண்டில் விரல் தானாக அடித்துவிடும். எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு இடத்தில் கேள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் திருப்பிச் சொன்னால் அது இரண்டு இடம் ஆகாது. இதை உனக்குப் பத்து வயதிலிருந்து சொல்கிறேன், எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் இரண்டு இடத்தில் கேள்.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பச்சை டிரங்குப் பெட்டியில் பாதியாக வெட்டின போட்டோ ஒன்று இருக்குமே. தொப்பியும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளை, பின்னால் ஸ்டுடியோத் திரை. தோளுக்குப் பக்கத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரியும். சின்ன வயதில் எடுத்துக்கொண்டு வந்து "யாருப்பா இது?" என்றாய். தூரத்துச் சொந்தம் என்றேன். சொந்தம் இல்லை.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. மத்தியானம் மூன்றே முக்காலுக்கு மேல் ஆர்.எஸ்.புரத்தில் முதல் குண்டு. அத்வானி பேசுவதாக இருந்த மேடைக்குக் கொஞ்ச தூரத்தில். அப்புறம் ஊர் முழுக்க ஒவ்வொன்றாக, பெரியாஸ்பத்திரி வளாகத்தையும் விடவில்லை. 58 பேர் போனார்கள். அதற்கு முந்தின நவம்பரில் உக்கடத்தில் ஒரு போலீஸ்காரரைக் குத்திக் கொன்றதும், அதன்பின் கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்ததும் உனக்குத் தெரியும். ஊர் ஏற்கெனவே அப்படி இருந்தது. நான் வேலை பார்த்த மாலைப் பத்திரிகை அந்த வாரம் ஸ்பெஷல் எடிஷனாகப் போட்டுத் தள்ளியது. பெட்டிக்கடையில் போஸ்டர் தொங்கவிட்ட பத்து நிமிடத்தில் கட்டு காலி.

திங்கட்கிழமை ஆசிரியர், செத்தவர்கள் போட்டோ வேண்டும் என்றார். மார்ச்சுவரிப் பட்டியலில் ஒரு விலாசம் பிடித்து டிவிஎஸ் 50-ல் போனேன். லைன் வீடு. அந்த அம்மா என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டார். கணவர் தள்ளுவண்டியில் சாத்துக்குடி ஜூஸ் போடுகிறவர், சனிக்கிழமையிலிருந்து காணோம், எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை அம்மிணி. "அடையாளம் பார்க்கணும், ஒரு போட்டோ குடுங்க" என்றேன். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தின் பின்னால் இருந்த ஆணியைத் தானே பிடுங்கி எடுத்துக் கொடுத்தார். துருப்பிடித்த ஆணி, விரலில் கீறிவிட்டது.

ஆபீஸில் கத்தரியால் அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். தள்ளுவண்டியில்தான் குண்டு வந்தது என்று அன்றைக்கு ஒரு பேச்சு இருந்தது. படத்துக்கு மேலே இரண்டு வரி வேண்டும் என்றார்கள். "ஜூஸ் வண்டியில் வந்ததா குண்டு?" என்று எழுதிக் கொடுத்தேன். நான்தான். அந்தக் கேள்விக்குறியைப் போட்டால் நாங்கள் சொல்லவில்லை, கேட்டோம் என்று சொல்லித் தப்பிக்கலாம். வாங்கிப் படிக்கிறவன் கண்ணில் அந்தக் குறி படுவதே இல்லை. குண்டு வைத்தவனுக்கு வேண்டியது ஊர் இரண்டாகப் பிளவுபடுவது. அவன் விட்ட பாக்கியை நான் பெரிய எழுத்தில் முடித்துக் கொடுத்தேன்.

கணவர் செத்ததே அந்த அம்மாவுக்கு எங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. போலீஸ் விசாரித்து, அந்த ஆளுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டது. நாலு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில், கறிக்கோழி விலைக்குக் கீழே, நாலு வரி வருத்தம் போட்டோம். அதற்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஏஜென்ட் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போக எனக்குக் கால் வரவில்லை. அந்த அம்மா இருந்த மறுபாதியை ஆபீஸ் குப்பையில் தேடினேன், கிடைக்கவில்லை. 27 வருஷம் ஆயிற்று. உங்கம்மாவுக்கே போன மாதம்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் அரிசி ஊற வைத்தாள்.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போனேன். லைன் வீடு இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை. எதிரே பழைய தையல்காரர் ஒருவர் இருக்கிறார். அந்தக் குடும்பம் கரும்புக்கடைப் பக்கம் போயிற்று, மகன் ஏசி மெக்கானிக், அந்த அம்மா இருக்கிறார் என்று சொன்னார். வியாழக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. படத்தைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சல் போட்டிருக்கிறாள் அம்மா. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது சூலூர்ப் பாட்டி டப்பா.

வியாழக்கிழமைக்குள் ஒரு தடவை ஃபோன் பண்ணு. ஷிஃப்ட் முடிந்து விடியக்காலை நாலு மணியானாலும் பரவாயில்லை, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா