எல்பிஜிஏ ஹால் ஆஃப் ஃபேம் குழுவுக்கு: ஷின் ஜியேயின் கணக்கை இன்னொரு முறை போடுங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விதிப்படி பார்த்தால் தென் கொரிய கோல்ஃப் வீராங்கனை ஷின் ஜியேக்கு 13 புள்ளிகள்தான் வருகின்றன. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரான எல்பிஜிஏ டூரில் 11 பட்டங்கள், அவற்றில் இரண்டு மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகள் என்பதால் கூடுதலாக 2. ஒரு சுற்றுக்கான குறைந்த ஸ்ட்ரோக் (அடி) சராசரிக்கான வேர் டிராஃபி கிடையாது, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதும் கிடையாது. ஹால் ஆஃப் ஃபேம் என்ற உங்கள் கௌரவப் பட்டியலுக்குள் வர 27 வேண்டும். பாதிகூட இல்லாதவருக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். கூட்டலில் தப்பில்லை. எதையெல்லாம் கூட்டுகிறீர்கள், எதையெல்லாம் விட்டுவிடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

இதே ஷின், உலகம் முழுக்க 60-க்கும் மேற்பட்ட பட்டங்களை வென்றவர். பெரும்பாலானவை கொரியாவிலும் ஜப்பானிலும். உங்கள் ஏட்டில் அவற்றின் மதிப்பு பூஜ்யம்.

அவர் வந்த வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். 1988-இல் தென் ஜொல்லாவின் யோங்குவாங்கில் பிறந்தவர். அப்பா ஒரு பாதிரியார். 1998-இல் அமெரிக்காவின் பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் கொரிய வீராங்கனை பாக் செ-ரி காலுறையைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கிப் பந்தை அடித்து யூ.எஸ். ஓபனை ஜெயித்தபோது ஷின்னுக்குப் பத்து வயது. அதைப் பார்த்து கோல்ஃப் பக்கம் வந்த கொரியச் சிறுமிகளின் தலைமுறையைச் சேர்ந்தவர். பாக் இன்-பி, லீ போ-மி, கிம் ஹா-நூல் எல்லாரும் அதே 1988-இல் பிறந்தவர்கள்தான். 2003-இல் ஒரு கார் விபத்தில் ஷின்னின் அம்மா இறந்துபோனார். தம்பியும் தங்கையும் படுகாயம் அடைந்து மருத்துவமனையில் கிடந்தார்கள். அம்மாவின் சாவுக்குக் கிடைத்த பணத்தில் மிஞ்சியதை அப்பா மகளின் கோல்ஃபுக்குக் கொடுத்தார். கொரியாவில் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. வெற்றியைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் ஆடத் தொடங்கியவர் என்பது தெரிந்தால், கடைசி நாள் ஆட்டத்தில் அவர் ஏன் அப்படிக் கலங்காமல் நிற்கிறார் என்பது கொஞ்சம் புரியும்.

2006 முதல் 2008 வரை மூன்று ஆண்டும் கொரிய டூரின் பரிசுப் பணப் பட்டியலில் அவர்தான் முதலிடம். 2007-இல் மட்டும் 9 பட்டங்கள். 2008-இல், உங்கள் டூரின் உறுப்பினராகக்கூட இல்லாதபோது, சன்னிங்டேலில் மேஜர் போட்டியான பிரிட்டிஷ் ஓபனை 3 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அப்போது வயது 20. அதே ஆண்டு மிசுனோ கிளாசிக்கும், பத்து லட்சம் டாலர் பரிசு கொண்ட ஏடிடி சாம்பியன்ஷிப்பும். டூர் உறுப்பினர் கார்டு இல்லாமலே மூன்று பட்டம்!

2009-இல் முறைப்படி வந்து சேர்ந்தார். மூன்று வெற்றி, பணப் பட்டியலில் முதலிடம், சிறந்த அறிமுக வீராங்கனை விருது. ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது மட்டும் மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவாவுக்குப் போனது, அதுவும் ஒரே ஒரு புள்ளியில். அடுத்த மே மாதம் ஒச்சோவா விலகிக்கொள்ள, ஷின் உலகின் முதல் நிலை வீராங்கனையானார். ஆண், பெண் இருபாலரிலும் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியர் அவர்.

அப்புறம் 2012 செப்டம்பர். அதை நீங்கள் மறந்திருக்க முடியாது. கிங்ஸ்மில்லில் நடந்த போட்டியில் அமெரிக்காவின் பவுலா கிரீமரும் ஷின்னும் சமமாக முடித்தார்கள். ஞாயிறு மாலை 18-ஆம் குழியையே எட்டு முறை திரும்பத் திரும்ப ஆடியும் முடிவு வரவில்லை, இருட்டிவிட்டது. திங்கள் காலையில் ஒன்பதாவது கூடுதல் குழியில்தான் ஷின் வென்றார். அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ராயல் லிவர்பூல், அங்கே பிரிட்டிஷ் ஓபன். வெள்ளிக்கிழமை காற்று தாங்காமல் ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். மறுநாள் ஷின் அடித்தது 64. ஞாயிறன்று ஒரே நாளில் 36 குழிகள், மழையும் காற்றுமாக. கடைசியில் 9 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம். பாருக்கு, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கைக்கு, கீழே முடித்தவர் மொத்தக் களத்திலும் அவர் ஒருவர்தான். இரண்டாவது வந்தவர் பாக் இன்-பி, சரியாகப் பாரில். ஷின் உயரமானவரும் இல்லை, நீளமாக அடிப்பவரும் இல்லை. நேராக அடிப்பார், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கோடு என்று கொரியாவில் அவருக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

2014-இல் உங்கள் டூர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜப்பானுக்குப் போனார். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அன்றிலிருந்து உங்கள் பார்வையில் அவர் ஆடவே இல்லை. ஆனால் ஜப்பானில் என்ன நடந்தது? 2018-இல் ஒரே ஆண்டில் மூன்று ஜப்பானிய மேஜர்கள். 2019-இல் அவருடைய ஸ்ட்ரோக் சராசரி 70-க்குக் கீழே இறங்கியது. அந்த டூரின் வரலாற்றில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. உங்களிடம் இதைச் செய்திருந்தால் பட்டங்களோடு வேர் டிராஃபிக்கும் ஒரு புள்ளி சேர்ந்திருக்கலாம்.

ஜப்பானில் போட்டி லேசு, எங்கள் களம் வேறு என்று சொல்வீர்கள். சரி, அதையும் பார்ப்போம். 2023-இல் 35 வயதில் பெபிள் பீச்சுக்கு வந்து யூ.எஸ். ஓபனில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த மாதம் வால்டன் ஹீத்தில் ஏஐஜி ஓபனில் (பழைய பிரிட்டிஷ் ஓபன்தான்) மூன்றாம் இடம். 2024-இல் அதே ஓபனில், செயின்ட் ஆண்ட்ரூஸில், மூன்றாம் சுற்று முடிவில் முன்னணியில் இருந்தவர் அவர்தான், கடைசியில் மறுபடியும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவர். உங்கள் டூரில் வாரா வாரம் ஆடுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது கிடைத்தது? ஜப்பானில் அவரோடு மோதி வளர்ந்த மாவோ சைகோவும் மியு யமாஷிதாவும் 2025-இல் ஆளுக்கொரு மேஜரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். களம் லேசு என்ற வாதம் இனி எடுபடாது.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜெயித்தவர் நியூசிலாந்தின் லிடியா கோ. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி அவர் 27-ஐத் தொட்டிருந்தார். அவர் தகுதியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைசிப் புள்ளி எங்கிருந்து வந்தது? ஒலிம்பிக் நீங்கள் நடத்தும் போட்டி இல்லை. 2022-இல் விதியைத் திருத்தி ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தவர்கள் நீங்கள்தான். வெளியே கிடைத்த வெற்றியும் கணக்கில் வரலாம் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்த வழிகூட ஷின்னுக்குத் திறக்கவில்லை என்பது வேறு கதை. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர் என்ற வரம்பு வேறெந்த நாட்டையும் விடக் கொரியாவைத்தான் கடித்தது.

அதே 2022-இல் பத்து ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தீர்கள். அதனால் ஒச்சோவா உள்ளே வந்தார். தேவைக்கு மேல் புள்ளிகள் இருந்தும், சீக்கிரம் விலகிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பன்னிரண்டு ஆண்டு வெளியே நிறுத்தியிருந்தீர்கள். நல்ல திருத்தம். ஆடுகிறவள் எப்போது கிளம்புவது என்பது அவளுடைய முடிவு, அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்பதுதானே அதன் பொருள்? ஷின்னும் தன் முடிவின்படிதான் கிளம்பினார். ஒரு வித்தியாசம், அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

இங்கிலாந்தின் லாரா டேவிஸையும் இங்கே சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்க 80-க்கும் மேற்பட்ட பட்டங்கள், நான்கு மேஜர்கள். உங்களிடம் 25 புள்ளிகள். இரண்டு புள்ளிக்காக வாசலில் நிற்கிறார். ஐரோப்பாவில் அவர் குவித்ததெல்லாம் எங்கே போயிற்று? உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேம் அவரை 2015-இல் சேர்த்துக்கொண்டது. ஜப்பானின் ஹிகுச்சி ஹிசாகோவையும் ஒகமோடோ அயாகோவையும் அதற்கும் முன்பே சேர்த்தது.

ஓட்டுப் போட்டு ஆளெடுக்காமல் எண்ணிக்கையை வைத்து எடுப்பதுதான் உங்கள் பெருமை என்பது எனக்கும் தெரியும். சிபாரிசு, வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. 27 அப்படியே இருக்கட்டும். எல்பிஜிஏவில் 10 பட்டமும் 2 மேஜரும் வென்றவர்களுக்கு மட்டும், கொரியா, ஜப்பான், ஐரோப்பா டூர்களின் வெற்றிக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி கொடுங்கள். ஷின்னுக்கு உங்கள் டூருக்கு வெளியே சுமார் 50 பட்டங்கள் இருக்கின்றன. மூன்றால் வகுத்து 13-உடன் கூட்டினாலே 27 தாண்டிவிடும். டேவிஸுக்குக் கேட்கவே வேண்டாம். இதுவும் எண்ணிக்கைதான், இதிலும் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி. மூத்த வீராங்கனைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வைத்திருந்தீர்கள். ஜூடி ராங்கின், டோனா கபோனி, மார்லின் ஹேக் மூவரும் 2000-இலிருந்து 2002-க்குள் அதன் வழியாக வந்தவர்கள். பாடகியும் தொலைக்காட்சி நட்சத்திரமுமான டைனா ஷோரைக்கூட, கோல்ஃபுக்குச் செய்த தொண்டுக்காகக் கௌரவ உறுப்பினராக்கினீர்கள். தகுதியானவர் என்று தோன்றினால் உங்களுக்கு வழி கிடைத்துவிடுகிறது.

தாமதம் மட்டும் வேண்டாம். 1950-இல் உங்கள் அமைப்பைத் தொடங்கிய 13 பெண்களில் விடுபட்டவர்களை 2022 மார்ச்சில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பதாக அறிவித்தீர்கள். அப்படிச் சேர்க்கப்பட்ட எட்டுப் பேரில் உயிரோடு இருந்து அந்தச் செய்தியைக் கேட்டவர் ஷெர்லி ஸ்போர்க் ஒருவர்தான். அடுத்த மாதமே, 94 வயதில், அவரும் போய்விட்டார்.

இப்படிக்கு,
ஒரு கோல்ஃப் ரசிகன்