நிறுத்தும் பொத்தான் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாடங்களை அனிமேஷனாகக் காட்டினால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் என்று எல்லோரும் சொல்கிறோம். படம் ஓடும்போது அதை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் பேசக் காணோம். 20 வருடமாக அறிவியல் நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இதயம் இயங்கும் விதத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவேன். நல்ல படம், தெளிவான குரல். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வரும். விடைத்தாளைத் திருத்தினால், நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இடது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் மேலறை) பதிலாக வலது ஏட்ரியத்துக்குள் போயிருக்கும்.

ஒருமுறை அதே படத்தை இரண்டிரண்டு பேராகக் கணினியில் பார்க்க விட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுருங்கும் இடத்தில் நிறுத்தினாள். பின்னால் தள்ளினாள், மறுபடி ஓட்டினாள். நாலைந்து தடவை. அப்புறம் திரையில் விரலை வைத்து, "டீச்சர், இந்த வால்வு மூடின பிறகுதான் அது திறக்குதா?" என்று கேட்டாள். ஆமாம், ஏட்ரியத்துப் பக்கம் வால்வு மூடிய கையோடு, தமனிப் பக்கம் அரைச்சந்திர வால்வு திறக்கும். ஒரு துடிப்புக்கு மொத்தமே 0.8 நொடிதான். அந்த வேகத்தில் ஓடினால் இதை எந்தக் கண் பிடிக்கும்?

புத்தகத்துப் படம் நமக்காகக் காத்திருக்கும். அனிமேஷன் காத்திருக்காது. போன காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததையும் பார்க்க வேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது பெரிய சுமை.

2001-இல் கல்வி உளவியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் சிறு அனிமேஷனை 16 துண்டுகளாக்கினார்கள். பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்த மாணவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளில் பயன்படுத்துவதில் இடைவிடாமல் பார்த்தவர்களைவிடச் சிறந்தார்கள். 2007-இல் இரவு பகல் பாடத்தை வைத்துத் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. நிறுத்தும் பொத்தான் கிடைத்த பிள்ளைகள் அதை அதிகம் தொடவே இல்லை. அப்படியும் கடினமான கேள்விகளில், படம் தானாக ஓடக் கண்டவர்களை முந்தினார்கள். எங்கே நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டே பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்காக முழுப் படத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவும் கூடாது. சிலர் பளிச்சென்று நகரும் இடத்துக்கே ஓட்டிப் போய்விடுகிறார்கள். பாடம் புதிது என்றால், படம் தயாரிப்பவர்களே பொருள் முடியும் இடங்களில் வெட்டி, 'தொடர்க' என்று ஒரு பொத்தான் வைத்துத் தர வேண்டும்.

திரை ஒன்றுதான் இருக்கிறதா, சரி, மவுஸை ஒரு மாணவரிடம் கொடுங்கள். "நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்தட்டும். நான் இப்போது அப்படித்தான் நடத்துகிறேன். ஏழு நிமிடப் படம் ஒரு பீரியட் முழுக்க ஓடுகிறது.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை