முதலில் ரோசனின் கடையைக் காட்டுங்கள்

தமிழில் குற்ற வரலாறு சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு,

வணக்கம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீடியோக்களைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன மாதம் அமெரிக்காவின் யூத தாதாக்களைப் பற்றி ஒன்று பார்த்தோம். முடிந்ததும், பத்தாவது படிக்கும் அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, யூதர்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கா?" எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. மெயர் லான்ஸ்கி என்ற தாதாவின் மூளை, பக்ஸி சீகலின் கோட்டு சூட்டு, லாஸ் வேகஸின் ஃப்ளமிங்கோ ஹோட்டல் என்று முக்கால் மணி நேரம் பார்த்த பையனுக்கு வேறென்ன தோன்றும்? கமெண்டில் பாதிப் பேர் "செம கெத்து" என்கிறார்கள். மீதிப் பேர் ஒரு இனத்தையே திட்டித் தீர்க்கிறார்கள்.

அந்த வீடியோவில் ஜோசஃப் ரோசன் வரவே இல்லை. அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ரோசன் ஒரு யூதர். துணித் தொழிலுக்குச் சரக்கு ஏற்றும் லாரித் தொழிலில் இருந்தவர். நியூயார்க்கில் வெட்டிய துணி தைக்கிற இடத்துக்குப் போகவும், தைத்த உடுப்பு திரும்பி வரவும் லாரிதான் வேண்டும். லாரி நின்றால் அந்த சீசனே போச்சு. இதை நன்றாகப் புரிந்துகொண்டவன் 'லெப்கே' என்ற தாதா லூயிஸ் புகால்டர். லாரியைப் பிடித்தவன் கையில் மொத்தத் தொழிலும் வந்துவிடும். அந்தப் பிடியில் ரோசனின் பிழைப்பு போனது. கடைசியில் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் சின்னதாக ஒரு மிட்டாய்க் கடை வைத்தார். வயிற்றெரிச்சலில் இந்த ஆள் அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று லெப்கேவுக்குப் பயம். 1936 செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குள் வைத்தே ரோசனைச் சுட்டுக் கொன்றார்கள்.

என் அப்பா முப்பது வருஷம் மளிகைக் கடை நடத்தினவர். விடிவதற்கு முன்னால் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரோசனைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

அதே பிரவுன்ஸ்வில்லில், சரட்டோகா அவென்யூவும் லிவோனியா அவென்யூவும் சேரும் முனையில் இன்னொரு மிட்டாய்க் கடை இருந்தது. பெயர் 'மிட்நைட் ரோஸ்'. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். பத்திரிகைகள் 'மர்டர் இன்க்.' என்று பெயர் வைத்த, லெப்கேவின் கொலைக் கூலிப்படைக்கு அதுதான் கூடுமிடம். அந்தப் படையில் யூதர்களும் இத்தாலியர்களும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். ரோசன் கொலைக்காக 1944 மார்ச் 4 அன்று சிங் சிங் சிறையில் மூன்று பேர் மின்நாற்காலியில் உட்கார்ந்தார்கள்: லெப்கே, மெண்டி வைஸ், லூயிஸ் கபோன். மூன்றாவது ஆள் இத்தாலியர். ரத்தம் என்று பேசுகிறவர்கள் இதை என்ன செய்வார்கள்?

சரி, இவர்கள் எப்படி முளைத்தார்கள்? 1881 முதல் 1924 வரை ஏறக்குறைய 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தார்கள். லான்ஸ்கி தன் அம்மாவோடு குரோட்னோ ஊரிலிருந்து வந்தது 1911இல். அதே வருஷம்தான் நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அந்தத் தொழிலில் வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் அடியாள் வைத்தார்கள். பதிலுக்குச் சங்கங்களும் வைத்தன. சண்டை முடிந்த பிறகும் அடியாட்கள் போகவில்லை. இரண்டு பக்கமும் கப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். 1920இல் வந்த மதுவிலக்கு இவர்கள் கையில் பெரும் பணத்தைக் கொட்டியது. வறுமை மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து சூதாட்ட தாதா ஆர்னால்ட் ரோத்ஸ்டைன் வசதியான, பக்தியான வீட்டுப் பிள்ளை.

என் அண்ணன் மகன் கேட்ட கேள்வி பழையது. 1908இல் நியூயார்க் போலீஸ் கமிஷனர் தியடோர் பிங்கம், நகரத்துக் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். எதிர்ப்பு வெடித்ததும் தப்பு என்று வாபஸ் வாங்கினார். 1921இல் ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை, பேஸ்பால் விளையாட்டைக் கெடுத்ததே யூத சூதாடிகள்தான் என்று எழுதியது. பிங்கம் விவகாரத்துக்கு அப்புறம் யூதர்கள் 1909இல் 'கெஹில்லா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1912இலிருந்து அது தன் சொந்தத் தெருக்களிலேயே ஆள் வைத்துத் துப்பறிந்து, சூதாட்ட விடுதி எங்கே, திருட்டுக் கும்பல் எங்கே என்று அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தது. பின்னாளில் லான்ஸ்கி இஸ்ரேல் குடியுரிமை கேட்டபோது, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1972இல் அவரைக் கைவிட்டது. இவ்வளவும் உங்கள் வீடியோவில் இல்லை.

தாதாக்களைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் நன்றாகக் கதை சொல்கிறீர்கள், பசங்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த பாகத்தை ஃப்ளமிங்கோவிலிருந்து தொடங்க வேண்டாம். ரோசன் கடை திறக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்து தொடங்குங்கள். லெப்கேவின் படத்தை அப்புறம் காட்டலாம். ஒரு இனத்தைத் திட்டும் கமெண்டுகளை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நீங்கள் அதைப் போடும் நாளில் அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் நேயர்