பொத்தையடிப் பட்டியும் ஒரு தீவு நரியும்

களக்காடு,
தை 8

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. காட்டு விலங்குகளின் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வி நான்கு நாளாக என்னை விடவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் பொத்தை அடிவாரத்தில் இசக்கிமுத்துவின் செம்மறிகளுக்கு, சிறு பூச்சிகள் கடித்துப் பரப்பும் நீலநாக்கு நோய் வந்தது. உதடு வீங்கி, மூக்கில் சளி காய்ந்து அடைத்து, மேய முடியாமல் நின்ற ஆடுகளுக்கு அவர் கேப்பைக் கஞ்சியை மூங்கில் குழாயில் புகட்டிக்கொண்டிருந்தார். அதே பட்டியில், அதே பூச்சிக்கடியில், சில ஆடுகள் ஒன்றும் நடவாதவைபோல மேய்ந்தன. வயது, தீனி, முன்பே நோய் கண்டு தேறியிருப்பது என்று இதற்குக் காரணங்கள் பல. பரம்பரையும் அவற்றுள் ஒன்று.

உன் பேத்தி கேட்ட அந்த நோய் எதிர்ப்பு மரபணுக்களில் முக்கியமான எம்.எச்.சி. என்னும் தொகுதியை நாம் கல்லூரியில் மேலோட்டமாகத்தான் படித்தோம். அது உருவாக்கும் புரதங்கள் கிருமியின் துணுக்கைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டினால்தான் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் அதை இனங்கண்டுகொள்ளும். இந்த மரபணுவின் ஒவ்வொரு வடிவமும் சில துணுக்குகளையே பற்றும் என்பதால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் பெற்ற குட்டிக்குக் கூடுதல் கிருமிகள் பிடிபடும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அரிய வடிவத்துக்குக் கிடைக்கும் ஆதாயம்தான். பெரும்பாலான ஆடுகளிடம் உள்ள வடிவத்துக்குத் தப்பும்படி கிருமி மாறிக்கொள்ள, யாரும் சட்டை செய்யாத வடிவத்தை வைத்திருந்த ஆடு பிழைத்துப் பெருகுகிறது. அது பெருகியதும் கிருமி அதன் பக்கம் திரும்புகிறது. இந்த ஓட்டத்தில் எந்த வடிவமும் முழுதாக வெல்வதுமில்லை, எளிதில் அழிவதுமில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை காலத்து வடிவ வரிசைகள் சில இன்னும் இரு இனங்களிலும் தொடர்வது இதனால்தான்.

எதிர்ப்புச் சக்தி மிகுந்தால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். ஸ்காட்லாந்துக்கு அப்பால் செயின்ட் கில்டா தீவுகளில் காட்டு விலங்காய்த் திரியும் சோவே செம்மறிகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. தன் உடலையே தாக்கக்கூடிய எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்த ஆடுகள் கடுங்குளிரைத் தாண்டி நெடுநாள் வாழ்ந்தன. ஆனால் ஆண்டுதோறும் ஈன்ற குட்டிகள் குறைவு. எதிர்ப்பு மிகுந்தது, குறைந்தது என இரண்டு வகைக்கும் காட்டில் இடம் இருக்கிறது.

பேத்திக்கு நீ கட்டாயம் சொல்ல வேண்டியது கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சான் நிக்கோலஸ் தீவின் நரி. எண்ணிக்கை குன்றி, அதன் மரபணுத் தடயங்கள் ஏறக்குறைய ஒரே அச்சாகிவிட்ட பிறகும், எம்.எச்.சி. பகுதியில் மட்டும் வேறுபாடு எஞ்சியிருந்ததை 2004இல் கண்டார்கள். தற்செயல் மற்ற இடங்களில் அழித்த வேறுபாட்டை இயற்கைத் தேர்வு அந்த ஓரிடத்தில் காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் எல்லாச் சிறு கூட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அகத்தியமலைப் பாறைகளில் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து நிற்கும் நம் வரையாடுகளைத் தலையெண்ணினால் மட்டும் போதாது, ஒரு மலையின் கிடா அடுத்த மலைக்குப் போக வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இசக்கிமுத்துவிடம் இதைச் சொன்னேன். “ஒரே கிடாவ மூணு வருசத்துக்கு மேல பட்டியில விடப்பிடாதுன்னு எங்க அய்யா சொல்லுவாரு” என்றார். புதுக் கிடா வாங்க அடுத்த வாரம் கயத்தாறு போகிறாராம். நானும் உடன் போகிறேன்.

அன்புடன்,
சுடலைமணி