கண்ணை மட்டும் நம்பி எழுதப்படும் கையேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக வசித்து வரும் பார்வையற்றவன். தொலைபேசி இணைப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தங்கள் நாளிதழைக் காலையில் என் மருமகள் வாசிக்க, நான் கேட்பது வழக்கம். வாரந்தோறும் தாங்கள் வெளியிடும் கைப்பேசி வழிகாட்டிப் பகுதியையும், நம் சமூக அமைப்புகள் நடத்தும் கணினி வகுப்புகளில் தரப்படும் கையேடுகளையும் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

அண்மையில் எங்கள் வட்டாரத்து அமைப்பு ஒன்று, இணைய மோசடியில் சிக்காமல் இருக்கக் கைப்பேசியில் செய்துகொள்ள வேண்டிய மாற்றங்களை விளக்கி, தமிழில் 12 பக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியது. நல்ல முயற்சி, என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அவசியமானதும்கூட. ஆனால் கோப்பைத் திறந்தபோது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என் கைப்பேசியின் திரைவாசிப்பான், ஒவ்வொரு பக்கத்துக்கும் 'இமேஜ்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. பக்கங்கள் அனைத்தும் படங்களாகவே சேமிக்கப்பட்டிருந்தன. மருமகளை வாசிக்கச் சொன்னேன். 'அம்புக்குறி காட்டும் சிவப்புப் பொத்தானைத் தொடவும்', 'பிறகு இங்கே சொடுக்கவும்', 'இதே போல் மற்றதையும் செய்யவும்' என்று வந்தது. 'எந்த இங்கே?' என்று கேட்டேன். படத்தில் இருந்த கைப்பேசி வேறு வகை, என்னுடையது வேறு வகை என்பதால், கண்ணுள்ள அவருக்கே அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஏற்பாட்டாளர்களிடம் இதைத் தெரிவித்தபோது அவர்கள் மிகவும் வருந்தினார்கள். அடுத்த முறை கையேடு முழுவதையும் குரலில் பதிவு செய்து அனுப்புவதாக உடனே வாக்களித்தார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அந்த வாக்குறுதிதான். பார்வையற்றவர் என்றதும் ஒலிப்பதிவு என்று எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். அந்த ஒலிப்பதிவு எனக்கு ஓரளவு உதவும். பினாங்கில் வசிக்கும் என் பள்ளித் தோழருக்கு அது ஒரு பயனும் தராது.

அவரும் நானும் ஒரே வகுப்பில், புடைத்த புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் எழுத்தைப் படித்தவர்கள். நடுவயதில் அவருடைய செவித்திறன் சிறிது சிறிதாகக் குறைந்து, இப்போது முற்றிலும் போய்விட்டது. வீட்டில் உள்ளவர்கள் அவருடைய உள்ளங்கையில் எழுத்துகளை விரலால் வரைந்து பேசுகிறார்கள். வெளியுலகத்தோடு அவருக்குள்ள தொடர்பு, கைப்பேசியுடன் புளூடூத் வழியாக இணையும் ஒரு பிரெய்ல் கருவிதான். திரையில் உள்ள எழுத்து அந்தக் கருவியின் கட்டங்களில் சிறு ஊசிமுனைகளாக எழும்பும். விரலால் தடவி வாசித்து, பொத்தானை அழுத்தினால் அடுத்த துண்டு எழும்பும். அவருடைய கருவியில் 20 கட்டங்கள் உள்ளன. அதன் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். இதைவிடப் பெரியவற்றில் 40, 80 கட்டங்கள் உண்டு என்றாலும் அவை எட்டாத விலை.

20 கட்டங்களில் தமிழ் எவ்வளவு அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறையில் 'கி', 'கு' போன்ற உயிர்மெய்க்கு மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள் தேவை. 'க்' என்றாலும் புள்ளிக்குத் தனியே ஒரு கட்டம் போய்விடும். ஆகவே 'அமைப்புகளைத் திறக்கவும்' என்ற இரண்டே சொற்கள் 23 கட்டங்களைக் கேட்கும். அவர் ஒரு வாக்கியத்தை வாசிப்பது, சாவித்துவாரத்தின் வழியாகத் தேரோட்டம் பார்ப்பதற்கு ஒப்பானது. 'அன்பார்ந்த பயனர்களே, இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கும் முன்னுரைகளை அவர் எவ்வளவு பொறுமையோடு விரலால் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக உதவக்கூடியது, படமாக அல்லாமல் கருவி எழுத்தாகவே அறியும் எழுத்து ஒன்றே. அது எனக்குக் குரலாகும், அவருக்குப் புள்ளியாகும், மங்கலான பார்வை உள்ளவர்களுக்குப் பெரிதாகும். குரலைப் புள்ளியாக்க முடியாது. படத்தில் உறைந்த எழுத்தையும் அப்படியே புள்ளியாக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் தமிழுக்கும் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அட்டவணையும் அம்புக்குறியும் கலந்த பக்கத்தை அவற்றிடம் கொடுத்தால் எந்த வரி எதற்குரியது என்று தெரியாமல் குழம்பிவிடுகிறது. வங்கிக் கணக்கு தொடர்பான காரியத்தில் அந்தக் குழப்பத்தை நம்பி விரலை வைக்க முடியுமா?

தமிழில் மற்றொரு தொல்லையும் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும், பல அச்சகங்களிலும் அமைப்புகளிலும் பழைய எழுத்துருக்களைக் கொண்டே கையேடுகளைத் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரிவதன் அடியில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே இருப்பதால், திரைவாசிப்பான் அதை ஏதோ ஏவல் மந்திரத்தைப் போல் உளறுகிறது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை 1980களிலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்று மேடைகளில் பெருமை பேசும் நாம், அதே கோலாலம்பூரில் இன்றும் இப்படிக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருப்பது எனக்குச் சற்று வேதனையாகவே உள்ளது.

எழுத்தாகத் தந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. எழுதும் முறையும் மாற வேண்டும். நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்லாமல் பொத்தானின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரும் கைப்பேசி தானே சொல்லும் பெயராக இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருக்கிறோம். கையேட்டில் 'அமைப்புகள்' என்று இருக்கும். என் கைப்பேசியோ 'செட்டிங்ஸ்' என்கிறது. பக்கத்து வீட்டுக்காரருடையது 'தெத்தாப்பான்' என்கிறது. கண்ணுள்ளவர் பற்சக்கரப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நான் 'அமைப்புகள்' என்ற ஒலி வரும் வரை திரை முழுவதையும் துழாவிக்கொண்டிருப்பேன். தூய தமிழில் எழுதுவதை நான் மறுக்கவில்லை. தமிழ்ப் பெயரை எழுதி, கைப்பேசி சொல்லும் பெயரையும் அருகில் தந்தால் போதும்.

'தொடவும்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரைவாசிப்பான் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் பொத்தானின் பெயர்தான் ஒலிக்கும்; இருமுறை தட்டினால்தான் அது திறக்கும். ஐஃபோனில் திரையை நகர்த்த மூன்று விரல்கள் வேண்டும், ஆண்ட்ராய்டில் இரண்டு. பிரெய்ல் கருவியில் இவற்றுக்கெல்லாம் வேறு விசைகள். ஆகவே விரல் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, நடக்க வேண்டியதை எழுதுவது நல்லது: 'திறக்கவும்', 'தேர்ந்தெடுக்கவும்', 'அணைக்கவும்'. அப்படி எழுதினால் பார்வையற்றோருக்கெனத் தனிப் பதிப்பே தேவைப்படாது; ஒரே கையேடு எல்லோருக்கும் பொருந்தும். அதேபோல், 'டிங் என்ற ஒலி கேட்டதும்' என்று எழுதும் இடத்தில், அப்போது திரையில் எந்தச் சொற்கள் தோன்றும் என்பதையும் சேர்க்க வேண்டும். என் தோழருக்கு எந்த ஒலியும் கிடையாது.

வரிசையும் முக்கியம். 'அழிக்கவும் என்பதை அழுத்தவும். அதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு கையேட்டில் இருந்தது. பக்கத்தை ஒரே பார்வையில் பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும். ஒவ்வொரு துண்டாக வாசிப்பவர் இரண்டாம் பாதியை எட்டும்போது கோப்பு போயிருக்கும். எங்கே, எதை, என்ன செய்ய வேண்டும் என்று வினையைக் கடைசியில் வைக்கும் நம் மொழியின் இயல்பு இதற்கு மிகவும் ஏற்றது. அந்த இயல்பின்படி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்னணியில் இசை ஒலிக்க, 'இப்படி, அப்புறம் இப்படி' என்று ஒரு கை செய்துகாட்டும் காணொளி எனக்கு வெறும் பாட்டுக் கச்சேரி. படத்தோடு ஒட்டிய துணையுரை, பார்வையுள்ள செவித்திறனற்றோருக்கு உதவும். அது பிரெய்ல் கருவிக்கு வராது. காணொளியின் கீழே செய்முறை முழுவதையும் எழுத்தில் சேர்த்துவிட்டால் குறை தீரும்.

இன்னொன்று. அந்தப் பிரெய்ல் கருவியின் கையேடு குறுவட்டிலோ இணையத்திலோதான் இருக்கிறது. கருவியைக் கைப்பேசியோடு இணைத்த பிறகே அதை வாசிக்க முடியும். இணைப்பது எப்படி என்பதோ அந்தக் கையேட்டுக்குள் இருக்கிறது! நீச்சல் கற்ற பிறகே தண்ணீரில் இறங்கு என்பதைப் போன்ற கதை. என் தோழர் இரண்டு நாள் காத்திருந்து, அண்ணன் மகன் வந்த பிறகே இணைத்துக்கொண்டார். தொடக்கத்தில் தேவைப்படும் அந்த ஐந்தாறு வரிகளையாவது காகிதத்தில் பிரெய்லாக அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையை அது ஏற்கிறது, மீறுவோருக்குத் தண்டனை எதையும் விதிக்காவிட்டாலும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2010இல் நாம் ஏற்ற ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை பிரெய்லையும் தொட்டுணரும் தொடர்பு முறைகளையும் எளிய மொழியையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. வெளியான நூல்களைப் பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையிலும் 2022இல் இணைந்துவிட்டோம். ஒரு தமிழ் அமைப்பு தானே எழுதும் கையேட்டுக்கு இவை எதுவும் காத்திருக்கத் தேவையில்லை. ஐயம் இருந்தால் கேட்பதற்கும் இடங்கள் உள்ளன. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பினாங்கில் பார்வையற்றோருக்கான செயிண்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது.

எழுதியவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானை இயக்கி, மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் திரை இருண்டுவிடும். பிறகு கையேட்டை ஒருவர் வாசிக்க, அதன்படி செய்து பாருங்கள். திரும்ப எப்படி அணைப்பது என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஓர் இளைஞர் அதை மறந்துவிட்டு அரை நாள் அலைந்தார்.

அந்த 12 பக்கக் கையேட்டை மருமகளின் துணையோடு நான் வெறும் எழுத்தாக மாற்றினேன். அலங்காரங்கள் நீங்கியதும் 38 வரிகளே மிஞ்சின. அதைப் பினாங்குத் தோழருக்கு அனுப்பினேன். மறுநாள், எல்லாவற்றையும் யாருடைய உதவியும் இன்றிச் செய்து முடித்ததாகவும், 17ஆம் வரியில் ஒரு பொத்தானின் பெயர் தவறாக இருப்பதாகவும் விடை வந்தது.

தங்கள் வாரப் பகுதியை இணையப் பதிப்பில் படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சேறும் முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்பினால் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தருவேன், தோழரும் இசைந்திருக்கிறார். அவர் விடை எழுத என்னைவிட ஒரு நாள் கூடுதலாகும். அவருடைய திருத்தங்கள் என்னுடையவற்றைவிடக் கறாராக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி இணைப்பாளர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்